மணல் தூவிய அரைவட்டம்

அத்தியாயம் பதினேழு

ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெடி ஒரு பொய் சொன்னான். சின்னப் பொய்தான். ஆனால் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வளர்த்ததும் அவனேதான்.

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ரெடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் போர்வைக்குள் படுத்துக்கொண்டே "ரெடி!" என்று குரல் மட்டும் கொடுப்பான் என்று தங்கை வைத்த பெயர். இப்போது வயது நாற்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லைகளைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. வாடிக்கையாளர் போன் செய்தால், "ரெடி சார், வாங்க" என்பான். அவர் கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் மெஷினைப் போடுவான். பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு மாதத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. வாசலில் மூன்று படிகள். அந்த மூன்று படிகளை அவரால் தாண்ட முடியவில்லை. தூக்கி இறக்குகிறோம் என்று சொன்னதற்கு, "நான் என்ன மூட்டையா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆகவே படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டுவதென்று முடிவாயிற்று. கொத்தனார் வந்து நூல் பிடித்துப் பார்த்தார். நாற்காலி உருண்டு ஓடாத சரிவு வேண்டுமென்றால் சாய்தளம் மதிலோரத்துப் பூப்பாத்தியின் மேல்தான் வர வேண்டும். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது அடுக்குச் செம்பருத்தி.

வெட்டிப் போட்டால் அரைமணி வேலை. ஆனால் அந்த வீட்டில் அப்படி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அது சின்னவள் வைத்த செடி. ரெடியின் தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன், தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொள்வதில் அப்பாவோடு பேச்சு முற்றி, அந்த மூன்று படிகளில் இறங்கிப் போனவள். அதன்பின் அப்பா அவள் பெயரை உச்சரித்ததில்லை. விழுகிற நாள் வரை செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தவறியதும் இல்லை.

அதனால் செடியை இடம் மாற்ற வேண்டும். அதே பாத்தியின் மறுகோடிக்கு, இருபதடி தூரம்.

ரெடியின் மனைவி பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். தெருவில் எல்லோருக்கும் லேப் டீச்சர். எதையும் விசாரிக்காமல் செய்ய மாட்டாள். நர்சரிக்காரரைக் கூட்டி வந்து காட்டினாள்.

"நல்லா ஊணிப்போன செடிம்மா. ஒரே நாள்ல பேர்த்தா போயிடும்," என்றார் அவர். "முதல்ல ஒரு பக்கம் மட்டும், அரைவட்டமா கடப்பாரையை நேரா இறக்கி வேரை வெட்டிடுங்க. பள்ளத்துல மணலும் மக்கின எருவும் கலந்து போட்டு மூடுங்க. ஆறு வாரத்துல வெட்டின இடத்துல முடி மாதிரி வெள்ளை வேர் விடும். அதை நம்பித்தான் செடி புது இடத்துல தண்ணி குடிக்கும். அப்புறம் நான் வந்து மறுபாதியை வெட்டித் தூக்கறேன்."

கடப்பாரை வேலை ரெடியின் தலையில் விழுந்தது.

அந்த ஞாயிறு நல்ல வெயில். டிவியில் இறுதிப் போட்டி. அவன் இரண்டு குத்து குத்தினான். கடப்பாரை வேரில் பட்டு எகிறியது. சரி, நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், அத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. விரல் ஆழத்துக்கு மண்ணைக் கீறி, அழகாக அரைவட்டம் போட்டு, அதன்மேல் மணலைத் தூவிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"ரெடி."

லேப் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். ஆய்வகத்தில் சீசாவுக்கு ஒட்டுவதுபோல ஓர் அட்டை எழுதிக் கிளையில் கட்டினாள். தேதி. செய்த வேலை: ஒரு பக்க வேர் வெட்டியது. செய்தவர்: அவன் பெயர்.

மாமனாரிடமும் போய்ச் சொன்னாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகனை ஒரு பார்வை பார்த்தார்.

"பரவாயில்லையே," என்றார்.

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதைக் கேட்ட பிறகு எப்படி உண்மையைச் சொல்வது? மறுநாள் வெட்டினாலும் எல்லோரும் பார்ப்பார்களே. இப்படியே ஆறு வாரம் ஓடிவிட்டது. காலையில் கடைக்குக் கிளம்பும்போது அந்த மணல் கோட்டின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவான். அட்டையில் உள்ள தன் பெயரை மட்டும் பார்க்க மாட்டான்.

*

இன்றைக்குத்தான் அந்த நாள். எட்டு மணிக்கு நர்சரிக்காரர் வருவார். நாளை காலை கொத்தனார்.

ரெடி ஐந்தரைக்கே எழுந்துவிட்டான். போர்வைக்குள்ளிருந்து குரல் கொடுக்கிற ஆசாமி ஐந்தரைக்கு எழுந்தது சரித்திரத்தில் எழுத வேண்டிய விஷயம். கடப்பாரையை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனான்.

மணலை விலக்கி முதல் குத்து. கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர். மூன்றாவது குத்தில் அறுந்தது. உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

அப்போதுதான் அவனுக்கு அந்த எண்ணம் வந்தது. இப்போது வெட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. செடியைத் தூக்குவார்கள், நடுவார்கள். ஒரு வாரத்தில் இலை வாடும். வெயில் அதிகம் என்பார்கள். நர்சரிக்காரருக்குக் கைராசி இல்லை என்பார்கள். அவன் பெயர் அட்டையில் பத்திரமாக இருக்கும்.

தங்கையின் செடி சாகட்டும், தன் மானம் பிழைக்கட்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். அது அவனுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. நன்றாகப் புரிந்தது. புரிந்தும் இன்னும் இரண்டு வேரை வெட்டினான்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. அவசரமாக மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னங்க இவ்வளவு சீக்கிரம்?" மனைவி வாசலில் நின்றாள்.

"தூக்கம் வரல. இடத்தைக் கொஞ்சம் சுத்தம் பண்ணலாமேன்னு..."

அவள் சிரித்தாள். "உங்களை என்னமோ நெனைச்சேன். ஒரு செடிக்காக இவ்வளவு அக்கறையா?" டீ டம்ளரை அவன் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த டீயை அவன் குடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் வாசல் குழாயடியில் கொட்டினான்.

*

நர்சரிக்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சாக்கு, கயிறு, ஒரு கைரம்பம். முதலில் கிளைகளை மேலே சேர்த்துப் பிடித்துக் கயிற்றால் கட்டினார், வேலை செய்ய இடம் வேண்டுமே. கட்டும்போது அட்டை அவர் கண்ணில் பட்டது.

"அட, தேதியெல்லாம் போட்டு வெச்சிருக்கீங்களே டீச்சரம்மா!"

"எங்க வீட்டுக்காரரே பண்ணினாருங்க," என்றாள் அவள். "ஆள் வெச்சுக்கலாம்னு சொன்னேன். வேண்டாம்னுட்டாரு."

ரெடி அசடு வழிந்தான். வேறு என்ன செய்வது.

"அப்போ வேர் எப்படி விட்டிருக்குன்னு பார்த்துடலாம்." நர்சரிக்காரர் குந்தி உட்கார்ந்து மணல் கோட்டில் கையை விட்டார். விரல் நீளத்துக்குக் கீழே கை இறங்கவில்லை. புருவத்தைச் சுருக்கினார். கொஞ்சம் தள்ளித் தோண்டிப் பார்த்தார். அப்புறம் காலையில் மிதித்த இடத்துக்கு வந்தார். அங்கே கை சுலபமாக உள்ளே போனது. அறுந்த வேரின் நுனியைப் பிடித்து மெதுவாக வெளியே வளைத்தார்.

வெட்டிய முகம் இன்னும் ஈரமாக இருந்தது.

அவர் ரெடியைப் பார்க்கவில்லை. அதுவே பெரிய மரியாதை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது ஆறு வாரத்து வெட்டு இல்லீங்கம்மா. இன்னைக்குக் காலைல வெட்டினது. மத்த வேர் எதுவும் வெட்டவே இல்ல."

"இருக்காதே," என்றாள் லேப் டீச்சர். "அவரு அன்னைக்கே..."

பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த ஈர மண்ணைப் பார்த்தாள். காலையில் சொன்ன அக்கறை அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் முகம் சிவந்தது. பொய் சொன்னவன் அவன். வெட்கப்பட்டு நிற்பது அவள். வெளியாள் ஒருவர் முன்னால் புருஷனைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டோமே என்கிற வெட்கம். அதைப் பார்த்தபோதுதான் ரெடிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நாளைக்குப் பண்ணிடலாம்னுதான்..." என்று ஆரம்பித்தான்.

"எந்த நாளைக்கு?" என்று கேட்டாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

நர்சரிக்காரர் தொண்டையைக் கனைத்தார். "இன்னைக்கே தூக்கணும்னா தூக்கிடலாம். ஆனா பிழைக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இல்லேன்னா இன்னைக்கு இந்தப் பக்கத்தை ஒழுங்கா வெட்டி மூடிட்டு, ஆறு வாரம் கழிச்சு வரேன்."

"நாளைக்குக் கொத்தனார் வராரே! மாமா இன்னும் ஆறு வாரம் உள்ளேயே இருக்கணுமா? நாளைக்கு வேலை ஆரம்பிச்சா பத்து நாள்ல வெளியே வந்துடலாம்னு நேத்துதானே அவர்கிட்ட சொன்னேன். காலையில புதுச் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னாரு, தெரியுமா உங்களுக்கு?"

ரெடிக்குத் தெரியாது.

"கொத்தனாரை அப்புறமா வரச் சொல்லும்மா." ஜன்னலுக்குள்ளிருந்து அப்பாவின் குரல். "செடி முதல்ல. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்."

நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஜன்னலை விட்டு அவர் உள்ளே போய்விட்டார். நன்றாகத் திட்டியிருந்தால்கூட ரெடி நிம்மதியாக மூச்சு விட்டிருப்பான்.

*

நண்பகல் வரை அவனே வெட்டினான். நர்சரிக்காரர் கேட்டும் கடப்பாரையைக் கொடுக்கவில்லை.

தண்டிலிருந்து ஒன்றரை முழம் தள்ளி, கடப்பாரையைச் சாய்க்காமல் நேராக இறக்கினான். மண் தளர்ந்ததும் மண்வெட்டியால் வாரி வெளியே போட்டான். தடித்த வேரை நசுக்காமல் ரம்பத்தால் அறுத்தான். காலையில் அவன் கன்னாபின்னாவென்று குத்தி நார் நாராக்கிய மூன்று வேர்களையும் நர்சரிக்காரர் திரும்ப ஒருமுறை சுத்தமாக அறுத்துவிட்டார். முழங்கால் ஆழம் போனதும், "போதும் சார்," என்றார். மணலும் எருவும் கலந்து இட்டு, மிதித்து, தண்ணீர் விட்டார்கள்.

உள்ளங்கையில் நான்கு கொப்புளம். மொத்த வேலையும் மூன்று மணி நேரம். ஆறு வாரம் ஊரை ஏமாற்ற இதைவிட அதிகப் பாடுபட்டிருந்தான்.

நர்சரிக்காரர் போன பிறகு மனைவி வந்தாள். பழைய அட்டையை அவிழ்த்தாள். புது அட்டையில் இன்றைய தேதியை எழுதினாள். ஒரு பக்க வேர் வெட்டியது என்று எழுதினாள். செய்தவர் என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

"பேர் எழுதலயா?"

"ஆறு வாரம் கழிச்சு வேர் விட்டிருக்கான்னு பார்த்துட்டு எழுதறேன்." அட்டையைக் கட்டினாள். "மாமா உங்களைக் கூப்பிடறாரு."

*

அப்பா புதுச் சட்டையைத்தான் போட்டிருந்தார். மடிப்புக்கூடக் கலையவில்லை. ரெடி நிலைப்படியிலேயே நின்றான்.

"உள்ள வா. உட்காரு."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் கம்பியில் ஒரு பழைய பஸ் கண்ணாடி கட்டியிருந்தது, டிரைவர் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அது. படுத்தபடியே வாசலைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டு, மருமகள் கட்டிக்கொடுத்தது. கேட் தெரிவதற்கு என்றுதான் ரெடி இத்தனை நாளும் நினைத்திருந்தான். இப்போது அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் கேட் தெரிந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் செம்பருத்தி, அடி மண்ணோடு சேர்த்து, முழுசாகத் தெரிந்தது.

ரெடி கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பினான்.

"அன்னைக்கே பார்த்தீங்களா?"

"நீ மணல் தூவினதைப் பார்த்தேன். ரொம்ப நீட்டா தூவினே."

"அப்புறம் எதுக்குப்பா பரவாயில்லையேன்னு சொன்னீங்க?"

"அப்படிச் சொன்னாலாவது ரோஷம் வந்து மறுநாளே வெட்டிடுவேன்னு பார்த்தேன். முப்பத்தஞ்சு வருஷம் கண்ணாடியைப் பார்த்து வண்டி ஓட்டினவன். பின்னால வர்ற எல்லா வண்டியும் தெரிஞ்சுது. பெத்த பிள்ளை விஷயத்துல ஏமாந்துட்டேன்."

ரெடி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். கொப்புளங்கள் எரிந்தன. எரியட்டும் என்று இருந்தது.

"காலையில நீ வெட்டினதையும் பார்த்தேன்," என்றார் அப்பா. "அப்போதான் எனக்கு வேற ஒரு நெனைப்பு வந்துது. அதைக் கேக்கத்தான் கூப்பிட்டேன்."

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று ரெடிக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"ஆஸ்பத்திரியில உன்கிட்ட ஒரு சீட்டு குடுத்தேன். யார் யார்கிட்டயோ விசாரிச்சு வெச்சிருந்த சின்னவ நம்பர். நான் வரச் சொன்னேன்னு சொல்லுன்னேன். மறுநாள் கேட்டேன். சொல்லிட்டேம்பான்னு சொன்னே."

"ஆமா."

"நாலு மாசமா இந்தக் கண்ணாடியில கேட்டைப் பார்த்துட்டிருக்கேன். அவ என்ன சொன்னான்னு ஒரு தடவைகூட உன்கிட்ட கேக்கல. வரமாட்டேன்னு சொல்லியிருந்தா அதைக் காதால கேக்கணுமேன்னு பயம். முதல்ல அவ மேல கோபம் வந்துது. அப்புறம் நான் பேசினதுக்கு வராம இருக்கறது நியாயம்தான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." அப்பா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். "அவகிட்ட சொன்னியாடா?"

ஒரே ஒரு வார்த்தை. "சொன்னேன்" என்றால் போதும். நாக்கு நுனியில் ரெடியாக இருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அவனிடம் காரணம்கூட இல்லை. தங்கையோடு அவனுக்குச் சண்டை கிடையாது. அவள் படியிறங்கிய அன்று தடுக்காமல் உள்ளே உட்கார்ந்திருந்தவன், ஒன்பது வருடம் கழித்து எந்த முகத்தோடு "எப்படி இருக்கே" என்று ஆரம்பிப்பது? முதல் நாள் சோம்பல். மறுநாள் கூச்சம். பத்து நாள் போனதும், அப்பா விழுந்து பத்து நாள் கழித்தா சொல்கிறாய் என்று கேட்பாளே என்ற பயம். நாலு மாதம் போனதும், நினைப்பதையே நிறுத்திவிட்டான். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது காற்றுக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"சொல்லலப்பா," என்றான்.

அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கதவருகே மனைவி வந்து நிற்பது ரெடிக்குத் தெரிந்தது. அவள் எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. எல்லாம் கேட்டிருக்கட்டும்.

"அப்போ அவ வரமாட்டேன்னு சொல்லல," என்றார் அப்பா மெதுவாக. "அவளுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுப்பா."

"அவளைக் கல்நெஞ்சுக்காரின்னு நெனைச்சுட்டேனேடா. நாலு மாசம்."

மகனைத் திட்டாமல் தன்னையே நொந்துகொண்ட அந்த ஒரு வரிக்கு ரெடி தயாராக இல்லை. முகத்தைக் கொப்புளக் கையால் மூடிக்கொண்டு அழுதான். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தேற்றவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அழுது முடித்ததும், "சீட்டு இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. கடைப் பையில், ஒரு கண்ணாடி டப்பாவுக்குள், துடைக்கிற துணிக்கு அடியில். ரெடி போய் எடுத்து வந்தான். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பிரித்துப் பார்க்கவும் துணிவில்லை. நாலு மாதத்தில் மடிப்பு அப்படியே இருந்தது.

"பண்ணு. என் முன்னாடியே பண்ணு. சத்தமா வை."

எண்களை அழுத்தினான். கொப்புளத்தில் பட்டு ஒரு எண் தவறிப்போய் மறுபடி அழுத்த வேண்டியிருந்தது. மணி அடித்தது. நான்கு, ஐந்து, ஆறு. எடுக்கக் கூடாது என்று ஒரு மனம் வேண்டியது. அந்த மனத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஹலோ, யாரு?"

ஒன்பது வருடம் கழித்தும் அதே அவசரக் குரல்.

"நான்... நான் ரெடி பேசறேன்."

மறுமுனையில் எங்கேயோ குக்கர் விசில் அடித்து அடங்கியது. பிறகு அவள் குரல் வந்தது, இந்த முறை மிகவும் சின்னதாக.

"அப்பா உயிரோட இருக்காரா?"

அப்பாவின் கை தானாக நீண்டது. போனைக் கொடு என்று விரல்களை அசைத்தார். ரெடிக்கும் அதுதான் சுலபம். போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்தால் அப்பாவும் மகளும் பேசிக்கொள்வார்கள். அந்தச் சந்தோஷத்தில் நாலு மாதத்தை யார் கேட்கப்போகிறார்கள்? அப்பாவேகூட மறைத்து, மகனைக் காப்பாற்றிவிடுவார்.

நீண்ட கையை அவன் மெல்லப் பிடித்துக்கொண்டான். போனைக் கொடுக்கவில்லை.

"இருக்காரும்மா. பக்கத்துலதான் இருக்காரு, உன்கிட்ட பேசப்போறாரு. அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு காரியத்தை உன்கிட்ட சொல்லணும். கேட்டுட்டு, அப்புறம் நீ என்ன வேணா சொல்லு."